நூறும் நூற்றும்: புனைமொழிக்கு எண் அடிமானம் தேர்வது

புனைமொழி, அதாவது கதைக்காகவோ விருப்பத்துக்காகவோ கற்பனையாக அமைக்கும் மொழி, உருவாக்குகிறவர்கள் ஒலிகளுக்கு வாரக்கணக்கில் செலவழிப்பார்கள், வேற்றுமை உருபுகளுக்கு மாதக்கணக்கில். எண்களுக்கு வந்ததும் ஒரு நிமிடத்தில் "பன்னிரண்டு அடிமானம்", அதாவது பத்துப் பத்தாக இல்லாமல் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டி எண்ணுவது, என்று முடிவெடுத்துவிடுவார்கள். பன்னிரண்டு சொற்கள், 144-க்கு (12×12) ஒன்று, 1728-க்கு (12×12×12) ஒன்று. பட்டியல் முடிந்தது. கணக்கில் பிழையே இருக்காது. ஆனாலும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் அது யாரும் பேசிய மொழி போல ஒலிக்காது. பதின்ம (பத்து அடிமான) முறையின் சட்டகத்தை அப்படியே வைத்துக்கொண்டு பத்து இருந்த இடத்தில் பன்னிரண்டைச் செருகியதுதான் அங்கே நடந்திருக்கும்.

ஏனென்றால் அடிமானம் என்பது ஓர் எண் மட்டுமல்ல. எந்தெந்த எண்களுக்குப் பிரிக்க முடியாத தனிச்சொல் இருக்கிறது, பெருக்குவது எது கூட்டுவது எது என்பதைக் கேட்பவர் எப்படி அறிகிறார், எந்த இடத்தில் அடுத்த படிக்கு ஏறுகிறோம், அந்தப் படிகளில் எது தேய்ந்திருக்கிறது, எது பழைய உருவில் நிற்கிறது: இத்தனைக்கும் விடை சொன்ன பிறகுதான் அடிமானம் தேர்ந்ததாகப் பொருள். பத்தா, பன்னிரண்டா, இருபதா என்பது இந்த விடைகளில் ஒன்று. என் கணிப்பில் மிகச் சிறிய ஒன்று.

இதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம், தமிழ் எண்களையே எடுத்துக்கொள்ளலாம். பதின்மூன்று, முப்பது. இரண்டிலும் இருப்பவை அதே இரண்டு எண்கள்தான். பத்து முன்னால் நின்றால் கூட்டல், பின்னால் நின்றால் பெருக்கல். நூற்றிரண்டும் இருநூறும் அப்படியே. அதாவது பெரிய எண்ணுக்கு முன்னால் வருவது அதைப் பெருக்கும், பின்னால் வருவது அதனோடு கூடும். இது உலகின் பல மொழிகளில் உள்ள ஒழுங்கு.

தமிழ் அதோடு நிற்பதில்லை. நூறு என்று சொன்னால் எண் முடிந்துவிட்டது. நூற்று என்று சொன்னால் இன்னும் வருகிறது. ஆயிரம் முடிவு, ஆயிரத்து தொடர்ச்சி. இருபது முடிவு, இருபத்து தொடர்ச்சி. "நூறு, ஐந்து" என்றால் இரண்டு எண்கள், "நூற்றைந்து" என்றால் ஒரே எண். எழுத்தில் காற்புள்ளி செய்யும் வேலையை இங்கே சொல்லின் கடைசி அசை செய்துவிடுகிறது. புனைமொழியின் எண்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த உறுப்புதான். அது இல்லாமல் ஓர் அளவுப் பட்டியலை வாசித்தால் எங்கே ஓர் எண் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றே தெரியாது.

இன்னொன்று தொண்ணூறு. அறுபது, எழுபது, எண்பது என்று "பது" வரிசையில் வந்துகொண்டிருந்தவன் தொண்ணூறில் திடீரென்று நூறைப் பிடித்துக்கொள்கிறான். தொள்ளாயிரம் அதே போல ஆயிரத்தைப் பிடிக்கிறது. ஒன்பது என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு "பது" இருக்கிறது. பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்ற வேறொரு சொல்லும் உண்டு. ஆக ஒவ்வொரு படியின் கடைசி எண்ணும் மேலே உள்ள படியை அண்ணாந்து பார்த்தே பெயர் பெற்றிருக்கிறது. இதை ஒரு புனைமொழியில் யாராவது வைத்தால் பார்க்கிறவர்கள் பிழை என்று திருத்த வருவார்கள். உண்மையான மொழியில் கோடிக்கணக்கானவர்கள் தயக்கமில்லாமல் சொல்கிறார்கள்.

எழுத்திலும் ஒரு பாடம் உண்டு. பழைய தமிழ் எண்குறிகளில் 2345-ஐ ௨௲௩௱௪௰௫ என்று எழுதுவார்கள்: இரண்டு, ஆயிரக்குறி, மூன்று, நூற்றுக்குறி, நான்கு, பத்துக்குறி, ஐந்து. பேசுகிற வரிசை அப்படியே தாளில் இறங்குகிறது. சுழியம் தேவையே இல்லை. இடமதிப்பும் சுழியமும் எழுத்துமுறை தந்தவை, வாய் தந்தவை அல்ல. ஆகவே புனைமொழிக்கு முதலில் எண்சொற்களை அமையுங்கள், எண்குறிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் பாதிச் செயற்கைத்தன்மை போய்விடும்.

சரி, உலகில் என்னதான் இருக்கிறது? உலக மொழிகளின் அமைப்பு அட்லஸ் 196 மொழிகளை எடுத்துப் பார்த்ததில் 125 மொழிகள் பதின்மம். 20 மொழிகள் முழுக்க இருபது அடிமானம், 22 மொழிகள் இருபதும் பத்தும் கலந்தவை. வேறு அடிமானம் கொண்டவை வெறும் 5. உடலுறுப்புகளைத் தொட்டு எண்ணுபவை 4. மீதி 20 மொழிகளில் எண்சொற்கள் சிலவற்றோடு நின்றுவிடுகின்றன. எனவே பன்னிரண்டைத் தேர்வது தவறல்ல, ஆனால் அரிதான ஒன்றைத் தேர்கிறோம் என்று தெரிந்து தேர வேண்டும். நைஜீரியாவில் குவாந்தரா மொழியின் நிம்பியா வழக்கில் பன்னிரண்டு அடிமானம் உண்மையிலேயே இருக்கிறது. கைவிரல்களில் அதற்கு ஒரு வழியும் உண்டு. கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் மும்மூன்று கணுக்களைத் தொட்டால் பன்னிரண்டு.

எட்டு அடிமானத்துக்கு நான்கு விரல் உயிரினங்களைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. கலிபோர்னியாவின் யூக்கி மொழியில் எட்டு வருவது விரல்களை விட்டு விரல் இடுக்குகளை எண்ணுவதால். இரண்டு கை, ஒவ்வொன்றிலும் நான்கு இடுக்கு. மெக்சிகோவின் வட பாமே மொழியிலும் எட்டு அடிமானம் உண்டு. பாப்புவா நியூ கினியில் ஹுலி மொழியினர் பதினைந்து பதினைந்தாக எண்ணுகிறார்கள். ஒக்சாப்மின் மக்கள் ஒரு கையின் கட்டைவிரலில் தொடங்கி, கை வழியே மேலேறி, மூக்கை 14 என்று தொட்டு, மறுகையின் கடைசி விரலில் 27 என்று முடிக்கிறார்கள். அதே தீவின் தெற்கே கோம்ன்சோ மொழியில் ஆறின் அடுக்குகளுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு: 6, 36, 216, 1296, 7776, 46656. ஆறாவது அடுக்குவரை சொல் வேண்டியிருந்ததற்குக் காரணம் கணிதம் அல்ல, குவிந்து கிடக்கும் யாம் கிழங்குகளை எண்ணும் வழக்கம். எண்ண வேண்டிய பொருள் இருந்தால் சொல் மேலே மேலே வளரும். இல்லையென்றால் கீழேயே நிற்கும், அதில் குறையும் இல்லை. ஆகவே உங்கள் மொழியைப் பேசுகிறவர்கள் எதை, எவ்வளவு பெரிய குவியலாக எண்ணுகிறார்கள் என்று முதலில் எழுதி வையுங்கள். அடிமானம் பெரும்பாலும் அந்த வரியிலிருந்தே கிடைத்துவிடும்.

இருபது அடிமானத்தில் கவனிக்க வேண்டியது துணை அடிமானம். இருபது தனிச்சொற்களை ஒரே மட்டத்தில் அடுக்கிவைக்கும் மொழியை விட உள்ளே ஐந்தாகவோ பத்தாகவோ உடையும் மொழிகளே மிகுதி. பாஸ்க் மொழியில் 75 என்பது மூன்று இருபதும் பதினைந்தும், அந்தப் பதினைந்து பத்தும் ஐந்தும். ஜார்ஜிய மொழியில் 99 என்பது நான்கு இருபதும் பத்தொன்பதும். அலாஸ்காவின் இனுபியாக் மொழியில் இருபதுக்குள் ஐந்துகளின் கட்டு உண்டு. 1994-இல் காக்டோவிக் என்ற ஊரின் பள்ளி மாணவர்கள் தங்கள் மொழிக்கென்று எண்குறிகள் உருவாக்கியபோது அந்த ஐந்துகளை மேற்கோடுகளாகவும் ஒன்றுகளைக் கீழ்க்கோடுகளாகவும் வரைந்தார்கள். 2022-இல் அந்தக் குறிகள் யூனிகோடில் சேர்ந்தன. பேச்சைக் கேட்டு அதற்கேற்ற குறி செய்வது எப்படி என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பாபிலோனியரின் அறுபதும் அப்படித்தான்: 59 வரை எழுத இரண்டே குறிகள், பத்துக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒன்று. பன்னிரண்டைத் தாண்டிய எந்த அடிமானத்துக்கும் உள்ளே ஒரு படி வைத்துவிடுங்கள்.

கழித்தலையும் மறக்க வேண்டாம். நைஜீரியாவின் யொரூபா மொழியில் 45 என்பது மூன்று இருபதில் பத்துக் குறைவு, அதில் ஐந்து குறைவு. லத்தீனில் 18, 19 இரண்டும் இருபதிலிருந்து குறைத்துச் சொல்லப்படுபவை. இந்தியில் 39 நாற்பதுக்கு ஒன்று குறைவு, 49 ஐம்பதுக்கு ஒன்று குறைவு. ஆனால் 89-உம் 99-உம் அந்த வரிசையில் சேராமல் ஒன்பதைக் கூட்டியே நிற்கின்றன. டேனிஷ் மொழியில் 50 என்ற சொல்லைப் பிரித்தால் "மூன்றாவதில் பாதி, இருபது மடங்கு", அதாவது இரண்டரை இருபது. பொலினீசியாவின் மாங்கரேவா மொழியில் 10, 20, 40, 80 என்று இரட்டித்துப் போகும் சொற்கள் இருந்தன. பதின்மத்துக்குள் இருமம் (இரண்டு அடிமானம்) ஒளிந்திருந்த அழகான அமைப்பு அது.

இப்போது கணக்கு. அடிமானம் பெரிதானால் எண்கள் குறுகும், வாய்ப்பாடு பெருகும். ஒன்றாம் வாய்ப்பாட்டை விட்டுவிட்டு, 3×4-உம் 4×3-உம் ஒன்றே என்று கொண்டால், ஆறு அடிமானத்தில் மனப்பாடம் செய்ய வேண்டியவை 10 பெருக்கல்கள். எட்டில் 21, பத்தில் 36, பன்னிரண்டில் 55, பதினாறில் 105, இருபதில் 171, அறுபதில் 1711. மறுபக்கம், பத்து லட்சத்தை எழுத ஆறு அடிமானத்தில் 8 இலக்கம் வேண்டும், பத்தில் 7, பன்னிரண்டில் 6, இருபதில் 5. இரண்டு அடிமானத்தில் 20 இலக்கம். பேச்சுமொழிக்கு இருமம் ஏன் ஒத்துவராது என்பதற்கு அந்த ஓர் எண்ணே போதும்.

பன்னிரண்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது பின்னங்கள். மூன்றில் ஒன்று பன்னிரண்டு அடிமானத்தில் 0.4 என்று சுருக்கமாக முடியும், கால் 0.3. உண்மைதான். ஆனால் ஐந்தில் ஒன்று 0.2497 2497 என்று சுழன்றுகொண்டே போகும். ஆறில் 1/2, 1/3, 1/4, 1/8, 1/9 எல்லாமே முடிவுறும், 1/8 என்பது 0.043. 1/5 என்பது 0.111 என்று போகும், அதுவும் தொல்லையில்லாத சுழற்சி. வகுபடும் தன்மையில் ஆறு இன்னும் வசதி. கடைசி இலக்கம் 2, 3 இரண்டையும் சொல்லிவிடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 5-ஐச் சொல்லும். ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் 7 தெரியும். பன்னிரண்டில் அதே சோதனைகள் 11-க்கும் 13-க்கும் போய்விடுவதால் 5-உம் 7-உம் திணறவைக்கும்.

ஆனால் இவை அனைத்தும் தாளில் இடமதிப்போடு எழுதுகிறவர்களுக்கான வாதங்கள். பேசுகிறவர்கள் பின்னத்துக்கு அடிமானத்தை நம்பி இருப்பதில்லை. தமிழ் முழு எண்களில் பத்தைப் பிடித்தது, பின்னங்களில் பாதி பாதியாக வெட்டியது: அரை, கால், அரைக்கால், மாகாணி 1/16. இன்னொரு பக்கம் மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. பதின்ம மொழியில் பத்தில் ஒன்றுக்கு இல்லாத மரியாதை பதினாறில் ஒன்றுக்கு இருந்திருக்கிறது. உங்கள் மொழியிலும் பின்னங்கள் வேறு அடிமானத்தில் இருக்கட்டும். அதனால் மொழிக்கு ஆழம் கூடுமே தவிர, குழப்பம் வராது.

ஒரு சிறு அமைப்பைக் கட்டிப் பார்ப்போம். ஆறு அடிமானம். ஒன்று பெ, இரண்டு நூ, மூன்று தரி, நான்கு ஓக், ஐந்து மசு, ஆறு கெல். 36-க்கு வோரா, 216-க்கு தெம். பெருக்குவது முன்னால், கூட்டுவது பின்னால். 47 என்பது 36+6+5: வோரா கெல் மசு. 100 என்பது 2×36, 4×6, 4: நூவோரா ஓக்கெல் ஓக். 365-ஐ ஆறில் எழுதினால் 1405, பேச்சில் தெம் ஓக்வோரா மசு. நடுவில் இருந்த சுழியத்துக்கு வாயில் வேலையில்லை.

இதுவரை இது வெறும் பட்டியல்தான். இனி முதல் திருத்தம், தொடர்ச்சிக் குறி. நூறு நூற்று ஆவது போல, பின்னால் எண் வருமானால் படிச்சொல் னகர ஒற்றை ஏற்கட்டும்: வோரா, ஆனால் வோரான் மசு. இப்போது "வோரா, மசு" என்றால் 36-உம் 5-உம், "வோரான் மசு" என்றால் 41. 47 இனி வோரான் கெல்லன் மசு.

இரண்டாவது திருத்தம், தேய்மானம். ஆறின் மடங்குகள் 12 நூகெல், 18 தரிகெல், 24 ஓக்கெல், 30 மசுகெல். இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக நிற்கும் ககரம் தேய்ந்து, இகரத்துக்குப் பின் யகரமாகவும் உகர ஊகாரத்துக்குப் பின் வகரமாகவும் மாறுகிறது, அடுத்த எகரம் அகரமாகிறது என்று ஒரே ஒரு விதி வையுங்கள். நூவல், தரியல், மசுவல் வரும். 24-இல் ககரம் இரட்டித்து நிற்பதால் விதி தொடாது, ஓக்கெல் ஓக்கெல்லாகவே இருக்கும். நான்கில் மூன்று ஒரு முகம், ஒன்று வேறு முகம். தொண்ணூறுக்கு வந்த அதே விதமான முறிவு இங்கே விதியிலிருந்தே பிறந்துவிட்டது. விதிவிலக்குகளை உட்கார்ந்து யோசித்துத் திணிக்காதீர்கள். ஒழுங்கான வரிசையை முதலில் முழுமையாகக் கட்டி, மொழியின் ஒலிமாற்றங்களை அதன்மேல் ஓடவிடுங்கள். அடிக்கடி சொல்லப்படும் சிறிய எண்களில் தேய்மானம் அதிகமாகவும் பெரிய எண்களில் குறைவாகவும் இருக்கட்டும். வரிசையெண்களில் முதலிரண்டை வேறு வேரிலிருந்து எடுத்தாலும் தகும். நாமே "ஒன்றாவது" என்பதைவிட "முதல்" என்றுதான் அதிகம் சொல்கிறோம்.

மூன்றாவது, ஒலி மோதல். தேய்மானம் முடிந்ததும் எல்லா எண்சொற்களையும் இரண்டிரண்டாக வைத்துச் சத்தமான இடத்தில் கேட்பது போலச் சொல்லிப் பாருங்கள். ஜெர்மனில் இரண்டும் மூன்றும் ட்ஸ்வை, த்ரை என்று மயங்குவதால் தொலைபேசியில் இரண்டை ட்ஸ்வோ என்கிறார்கள். சீனத்தில் ஒன்றும் ஏழும் மயங்குவதால் தொலைபேசி எண்ணில் ஒன்றை யாவ் என்கிறார்கள். மயக்கம் இருந்தால் சொல்லை மாற்ற வேண்டியதில்லை, இப்படி ஒரு மாற்றுச்சொல்லைக் கொடுத்தாலே மொழிக்கு உயிர் வந்துவிடும்.

பெரிய எண்களுக்கு எல்லா அடுக்குக்கும் பெயர் வைப்பது இன்னொரு பொதுவான தவறு. நம்மிடம் ஆயிரத்துக்கு மேல் நூறு நூறாக ஏறி லட்சம், கோடி. சீனத்திலும் ஜப்பானியத்திலும் பத்தாயிரம் பத்தாயிரமாக ஏறுகிறார்கள். அடிமானம் ஒன்றே, படியின் உயரம் வேறு. அதையும் தனியாக முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் எண்பட்டியலுக்கு வெளியே இருக்கிறது. பன்னிரண்டு அடிமானம் என்று இலக்கணத்தில் எழுதிவிட்டு, கதையில் "நூறு வீரர்கள்", "ஆயிரம் ஆண்டுகள்" என்று எழுதுவார்கள். பன்னிரண்டு அடிமானத்தில் நூறை 84 (எட்டு பன்னிரண்டும் நான்கும்) என்று எழுத வேண்டும், முழுமையே இல்லாத ஓர் எண். அந்த மக்களின் படைப்பிரிவில் 144 பேர் இருப்பார்கள், அவர்களுடைய நூற்றாண்டு 144 ஆண்டுகள், "எக்கச்சக்கம்" என்பதற்கு 1728 என்பார்கள். நம் "பத்தோடு பதினொன்று" அவர்களிடம் பன்னிரண்டோடு பதின்மூன்று. சதவீதம், விழா வயது, நாணயக் கட்டு, எடைக்கல் வரிசை எல்லாம் மாறும். அதே சமயம் நாள்காட்டியை அடிமானத்துக்கு வளைக்காதீர்கள். மாயர்கள் இருபது அடிமானத்தில் இருந்தும் நாள் கணக்கின் ஒரு படியில் மட்டும் இருபதுக்குப் பதில் பதினெட்டால் பெருக்கி 360-ஐப் பிடித்தார்கள். வானம் அடிமானம் பார்த்துச் சுற்றுவதில்லை.

குறிப்பேட்டில் ஓர் ஒழுங்கு வேண்டும். 100 என்று வெறுமனே எழுதினால் ஒரு வாரம் கழித்து அது நூறா, 144-ஆ, 36-ஆ என்று உங்களுக்கே தெரியாது. பதின்மத்தை வழக்கமான இலக்கத்திலும் புனைமொழி எண்ணை எப்போதும் சொல்லிலும் எழுதுங்கள். சரிபார்க்க எக்ஸெலிலும் லிப்ரெ ஆபிஸிலும் பேஸ் (BASE), டெசிமல் (DECIMAL) என்ற இரண்டு செயற்கூறுகள் இருக்கின்றன. பேஸ் செயற்கூறில் 365-உம் 12-உம் கொடுத்தால் 265 வரும், 8 கொடுத்தால் 555. இரண்டுமே 36 அடிமானம் வரை போகும். பன்னிரண்டில் பத்துக்கும் பதினொன்றுக்கும் குறி தேவையானால், தலைகீழாகத் திருப்பிய இரண்டும் மூன்றும் 2015 முதல் யூனிகோடில் உள்ளன. ஆனால் எல்லா எழுத்துருவிலும் அவை தெரியாது, கட்டம் கட்டமாக வந்து நிற்கும். புதிய குறிகளை வரையும்போது எண்சொல்லின் துணை அடிமானம் கோடுகளில் தெரிகிறதா என்று பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும், ஒன்றிலிருந்து அடிமானத்தின் வர்க்கம் வரை தாளைப் பார்க்காமல் உரக்க எண்ணுங்கள். ஆறானால் 36 வரை, பன்னிரண்டானால் 144 வரை. பிறகு பின்னோக்கி எண்ணுங்கள். நாக்கு தடுக்குகிற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். படி மாறும் இடத்தில் தடுக்கினால் தொடர்ச்சிக் குறி சரியில்லை, படியின் நடுவில் தடுக்கினால் இரண்டு சொற்கள் ஒலியில் மோதுகின்றன. எங்கேயுமே தடுக்காமல் போனால் தேய்மானத்தை ஓடவிட மறந்திருப்பீர்கள்.